மாவிலை மஞ்சள்

மூன்று வாரமாக எங்கள் அடுப்பில் மாவிலை வெந்துகொண்டிருக்கிறது. தோரணம் கட்ட வேண்டியதை ஏன்டா கஷாயம் போடுகிறாய் என்று அம்மா கேட்டுவிட்டாள். என் தேடல் பியூரி என்ற மஞ்சள். முகலாயச் சிற்றோவியங்களில், உள்ளங்கை அகல உருவப்படத்தில், அந்த மனிதரின் ஜாமா என்ற நீள அங்கி மீது தேன் தடவிய மாதிரி மினுங்குமே, அப்படிப்பட்ட மஞ்சள். ஐரோப்பாவில் இதற்கு இந்தியன் எல்லோ என்று பெயர்.

அடையாளம் காண்பதுகூட அவ்வளவு கஷ்டமில்லை. புறஊதா விளக்கில் பியூரி பளீரென்று மஞ்சளாக ஒளிரும், அரிதாரம் என்ற கனிம மஞ்சள் ஒளிராது; அதன் ஆர்சனிக்கை எக்ஸ்ரே கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

செய்வதுதான் வம்பு. பீகாரில் முங்கேர் பக்கம் மிர்சாபூரில் மாட்டுக்கு மாவிலையும் தண்ணீரும் கொடுத்து, மூத்திரத்தைப் பிடித்துச் சுண்டக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, உருண்டை பிடித்துக் காயவைக்கிறார்கள் என்று 1883ல் டி. என். முகர்ஜி என்ற அரசு அதிகாரி எழுதினார். மாடுகள் பாவம், நோஞ்சானாக இருந்தனவாம். கட்டுக்கதை என்று பின்னால் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அவர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய உருண்டைகள் பத்திரமாக இருந்தன. அவற்றைச் சோதித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், பியூரிக்கு நிறம் கொடுக்கும் யூக்சாந்திக் அமிலத்தோடு ஹிப்யூரிக் அமிலமும் அகப்பட்டது. இந்த ஹிப்யூரிக் அமிலம் மாட்டு மூத்திரத்தில் இருக்கும் சரக்கு. மனுஷன் பொய் சொல்லவில்லை!

நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தேன். “மாட்டுலேர்ந்து வர்ற மஞ்சளா? கோரோசனைதானே தம்பி?” என்று டப்பாவைத் திறந்தார் அண்ணன். அது பித்தக் கல், வேறு சங்கதி. விலையைக் கேட்டதும் டப்பாவை மூடச் சொல்லிவிட்டேன்.

சரி, மாடு இல்லாமல் பார்ப்போம் என்று இலைச் சாற்றில் படிகாரம் கரைத்து, சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். நுரைத்துப் பொங்கி, அப்புறம் மெல்ல மஞ்சள் வண்டல் அடியில் இறங்கியது. கழுவி, உலர்த்தி, கல்வத்தில் கருவேலம் பிசினோடு அரைத்துப் பூசினால் பார்க்க அழகுதான், கொஞ்சம் பச்சை தட்டுகிறது. புறஊதா விளக்கில் ஊமை. இலையில் உள்ள மாங்கிஃபெரின் என்ற பொருள் மாட்டின் உடம்புக்குள் போய் மாறி வந்தால்தானே யூக்சாந்திக் அமிலம், என் சட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

பூசிய தாளில் பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் நாளே திறந்த பாதி வெளுக்கத் தொடங்கிவிட்டது.