ராதாபுரம் செம்மண்ணில் டெலிஹேண்ட்லர் ஓட்டப் பழகினேன்

பாளையங்கோட்டையில் ஒரு குடோனில் பல வருடங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய தைரியத்தில்தான் ராதாபுரம் பக்கம் சோலார் வேலைக்குப் போனேன். அங்கே என்னிடம் கொடுத்தது டெலிஹேண்ட்லர். இடுப்புக்கு மேல் உயரமான டயர்கள், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, சுமையைத் தூக்க நீண்டு சுருங்கும் பூம் என்கிற கை. குடோன் வண்டியில் திரும்புவது பின்சக்கரம். வளைக்கும்போது வால்பக்கம் வெளியே வீசும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இதை ஓட்ட முடியாது.

இதில் திருப்பும் முறை மூன்று. முன்சக்கரம் மட்டும் திரும்புவது சாலைக்கு. முன்னும் பின்னும் எதிரெதிராகத் திரும்பினால் வட்டம் சுருங்கும். பேனலைத் தாங்கும் கம்பங்கள் ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குள் நுழைய அதுதான் வழி. மூன்றாவது நண்டு நடை. நான்கு சக்கரங்களும் ஒரே பக்கம் திரும்ப, முகம் மாறாமல் வண்டி குறுக்கே நகரும். பேனல் பெட்டியைக் கம்பத்தில் இடிக்காமல் ஒட்டிக் கொண்டுபோய் வைக்க அதற்கு இணை கிடையாது.

ஆனால் பயிற்சி கொடுத்த அண்ணாச்சி அதை உடனே தொடவிடவில்லை. முறை மாற்றும் முன் வண்டியை நிறுத்த வேண்டும், சக்கரங்களை நேராக்க வேண்டும், பிறகுதான் சுவிட்ச். பின்சக்கரம் கோணலாக இருக்கும்போதே மாற்றிவிட்டால் ஸ்டீயரிங் நேராக இருந்தும் வண்டி ஒருபக்கமாக ஓடும். சுமை இல்லாமல், வெறும் பொட்டலில் இதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். கை தானாகப் பழகிய பிறகுதான் பெட்டியைத் தூக்க விட்டார். அந்தப் பிடிவாதத்துக்கு அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்தது மேடுபள்ளம். எங்கள் வண்டியில் உடலையே இடமும் வலமுமாகச் சாய்த்து மட்டம் பிடிக்கலாம்; எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது. கொத்தனார் வைத்திருப்பது போன்ற ரசமட்டம் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பூம் கீழே இருக்கும்போதே மட்டம் பார்த்துவிட வேண்டும். தூக்கிய பிறகு சாய்த்துச் சரிசெய்ய முயன்றால் வண்டியே கவிழும். பூம் நீள நீளத் தூக்கும் திறன் குறையும் என்பதால் கேபினில் ஒட்டியிருக்கும் சுமை அட்டவணையைப் பார்க்காமல் நான் எதையும் தூக்குவதில்லை. சரிவில் சுமையோடு போகும்போது சுமை மேட்டுப் பக்கம்தான் இருக்க வேண்டும்; இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குவேன்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே சும்மா விடாது. காற்றாலைகளுக்கு அது வரம். அகலமான பெட்டியை உயரத்தில் ஏந்தி நிற்பவனுக்கு அப்படியில்லை. காற்று வலுத்தால் பூமை இறக்கிவிட்டு நிறுத்திவிடுவோம். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடைசியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே நுழைந்து, நின்று, சக்கரம் நேராக்கி, நண்டு நடையில் ஒதுங்கிப் பெட்டியை இறக்கினேன். மறுநாள் தெற்கு மூலையில் கேபிள் உருளைகளை இறக்க என்னைத் தனியாக அனுப்பினார்கள்.