செக்கில் போட்ட பணம்

திண்டிவனம் பக்கத்தில் மரச்செக்கு போடப்போகிறேன், பணம் போடுகிறாயா என்று நண்பன் கேட்டபோது எண்ணெய் விற்குமா என்ற கவலை எனக்கு இல்லை. சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் மண், டி.எம்.வி. கடலை ரகங்களை வெளியிட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. பணத்தை எந்த வகையில் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. கடனா, பங்கா, சும்மா ஒரு கைமாற்றா?

வீட்டில் சொன்னதும் மாமா கேட்டார்: "ஈமு கோழி மாதிரி ஒண்ணும் இல்லையே மாப்ள?" 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பு என்று முதலீடு வாங்கி ஏமாற்றியதை யாரும் மறந்துவிடவில்லை. நண்பனிடமும் ஒரு யோசனை இருந்தது: தெரிந்த வாடிக்கையாளர்களிடம் ஆளுக்கு ஐம்பதாயிரம் வாங்கி, வட்டிக்குப் பதிலாக மாதாமாதம் எண்ணெய் கொடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆடிட்டர் ஒரே பேச்சில் நிறுத்திவிட்டார். திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வாங்கினால் அது டெபாசிட். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களுக்கு எதிராக 2019-ல் வந்த தடைச் சட்டத்துக்குப் பொருளாகக் கொடுப்பதும் பணமாகக் கொடுப்பதும் ஒன்றுதான்.

மிஞ்சியது கூட்டு நிறுவனம். எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம் போட்டால் நம் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும், ஆனால் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் செலவு இந்த அளவு வியாபாரத்தின் லாபத்தைக் கடித்துவிடும் என்றார். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் கடன் மீறிப்போனால் என் சொந்தச் சொத்து வரை வரும். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் எந்தக் கடனுக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று பத்திரத்தில் எழுதவைத்தேன். பதிவும் செய்தோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பதிவாகாத நிறுவனத்தில், ஒப்பந்த உரிமையைக் கேட்டுச் சக பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது.

இனி கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நாங்கள் வாங்கியது கிலோ 110 ரூபாய்; ஆக 275. ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு 40 ரூபாய்க்குப் போனால் 60 திரும்பும். மீதி 215-க்கு மேல் கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை எல்லாம் சேர்த்து 300-க்கு விற்க வேண்டும். பருப்பு பத்து ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 25 ரூபாய் போச்சு. அதனால் அறுவடையில் விலை இறங்கும்போது வாங்கி வைப்பவன்தான் பிழைப்பான். வாரம் 250 கிலோ ஆட்டினால், மூன்று மாதச் சரக்குக்கே மூன்று லட்சத்துக்கு மேல் மூட்டையில் உட்கார்ந்திருக்கும். என் நான்கு லட்சத்தின் பெரும்பகுதி போனது அங்கேதான். செக்கு வாங்குவதற்கு முதலீடு தேடுபவர்கள் மூட்டைக்குத் தேட மறந்துவிடுகிறார்கள்.

செக்குக்கு வங்கிக் கடன். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், அதாவது பி.எம்.எஃப்.எம்.இ.யில், 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். நம் கையிலிருந்து 10 சதவீதமாவது போட வேண்டும். மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே தனியாக நிற்கும். மூன்று ஆண்டுகள் தவணை தவறாமல் போய், தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். அந்தப் பணத்தை நம்பி வேறு செலவுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. பிளாஸ்டிக் வேண்டாம், வீட்டுத் தூக்கைக் கொண்டுவரட்டும், ஊற்றிக் கொடுப்போம் என்று இருவருக்கும் ஆசை. சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருவதில்லை. கலப்படத்தைத் தடுக்க வந்த விதி, குறை சொல்ல முடியாது. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து முத்திரையிடுகிறோம். விலை கொஞ்சம் ஏறிவிட்டது.

பத்திரத்தில் அதிக நேரம் எடுத்தது பிரிவதைப் பற்றிய பகுதி. "ஆரம்பிக்கும்போதே பிரியறதப் பத்திப் பேசணுமாடா?" என்று நண்பனுக்குச் சங்கடம். கடைசியில், ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், சரக்கை வாங்கிய விலைக்கே மதிப்பிட வேண்டும், என் முதலை நான்கு தவணையில் தர வேண்டும் என்று முடிவானது. முதலுக்கு ஆண்டு வட்டி 8 சதவீதம், அதுவும் லாபம் இருந்தால் மட்டும். பங்குதாரர் முதலுக்கு 12 சதவீதம் வரைதான் நிறுவனம் வருமான வரியில் செலவாகக் காட்டலாம். அந்த வட்டிக்கு நான் வரி கட்ட வேண்டும். லாபப் பங்குக்கு நிறுவனமே கட்டிவிடுவதால் எனக்கு மறுபடி இல்லை.

முதல் ஆண்டு வட்டி வந்தது. லாபப் பங்கை எடுக்கவில்லை, அடுத்த அறுவடைக்கு மூட்டை வாங்க விட்டுவைத்திருக்கிறேன்.