கேதம் கேட்பது

அப்பா இறந்த அன்று மாலைக்குள் என் போனில் நூறு செய்திகளுக்கு மேல் வந்துவிட்டன. பாதிக்கு மேல் ‘ஆழ்ந்த இரங்கல்’. எல்லாரும் மனதார அனுப்பியவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல், கும்பிடும் கை படத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதுரைப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “எப்படிப்பா ஆச்சு? ராத்திரி சாப்பிட்டாரா?” என்று கேட்டார். சொன்னேன். இரண்டு இட்லி சாப்பிட்டார், மூன்றாவதை வேண்டாம் என்று தட்டை நகர்த்தினார், நெஞ்சைத் தடவிக்கொண்டே கட்டிலில் போய் உட்கார்ந்தார். அந்த மூன்றாவது இட்லியைச் சொல்லும்போது குரல் அடைத்துவிட்டது. அடுத்து சித்தப்பா கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். எல்லாருக்கும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் நாள் கடைசிவரை நிற்காமல் சொல்ல முடிந்தது.

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் கேதம் கேட்பது. ‘கேத’ என்ற வடசொல்லுக்கு வருத்தம் என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள், வேறு ஊர்களில் துக்கம் விசாரிப்பது. சொல் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆனால் எங்கேயும் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் துக்கத்தைச் ‘சொல்ல’ப் போவதில்லை, கேட்கத்தான் போகிறார்கள். இத்தனை வருஷம் இந்தச் சொற்களைப் பேசியிருக்கிறேன், நான் பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் ‘கேட்பது’ காதில் விழுந்தது.

இரங்கலும் நல்ல சொல்தான். நெய்தல் திணைக்கு உரிய பொருளே இரங்கல். பழந்தமிழில் இரங்குதல் என்றால் ஒலித்தலும்கூட, முரசு இரங்கும், கடல் இரங்கும். வாய்விட்டு எழும் ஓசை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, செல்போன் திரையில் அது மௌனமாகிவிட்டது. இழவு என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம். இன்று அதைப் பெரும்பாலும் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் அது ஒன்று: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு வீடு என்றால் ஒருவரை இழந்து நிற்கிற வீடு, அவ்வளவுதான்.

அனுதாபத்தில் இருக்கும் தாபம் என்பது வெப்பம். வடமொழியில் அனுதாபம் பெரும்பாலும் செய்த தவறுக்காக வருந்துவதைக் குறிக்கும், தமிழில் அது பிறர் துயரத்துக்கு உருகுவதாகிவிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இரங்கலுக்குச் சொல்லும் ‘சந்தாபம்’ என்பதிலும் அதே தாபம்தான். துக்கம் சுடும் என்பதை இந்தச் சொற்கள் எல்லாம் அறிந்திருக்கின்றன. அந்தச் சூட்டுக்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் ஆறுதல். புண் ஆறும், சோறு ஆறும். கொதிக்கிற பாலை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுவார்களே, அந்த ஆற்றுதல்தான். அந்த மூன்று நாளும் வந்தவர்கள் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துச் செய்ததும் அதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். யாரும் தத்துவம் பேசவில்லை. ஒவ்வொருவரும் கேட்டார்கள், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியம்மா கிளம்பினார். துக்க வீட்டில் வாங்க என்று கூப்பிடவும் மாட்டார்கள், போய்ட்டு வரேன் என்று சொல்லவும் மாட்டார்கள். அம்மாவின் தோளைத் தொட்டார், பையை எடுத்தார், படி இறங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் வழியனுப்ப எழுந்த என்னை அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.