மார்கழித் தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தா

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து மாற்றலாகி மதுரைக்கு வரும் இளம் கிறிஸ்தவ சபை ஊழியர் குடும்பங்களுக்கு டிசம்பர் என்றால் 25-ம் தேதி மட்டும்தான் கண்ணில் படும். வில்லாபுரத்திலோ ஆனையூரிலோ வீடு பிடித்துக் குடியேறிய பிறகுதான், தெருவுக்கு வேறொரு கணக்கு ஓடுவது புரியும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஐயப்ப சாமிக்கு 41 நாள் விரதம் முடிவதே டிசம்பர் கடைசி வாரத்தில்தான். 16-ம் தேதி வாக்கில் மார்கழி பிறந்துவிடும், விடியுமுன் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. இத்தனைக்கும் நடுவில் நம் ஆள் பிளம் கேக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"அக்கா, இதுல முட்டை இருக்கா?"

இருக்கிறது என்றால் தட்டு நிலைப்படியைத் தாண்டாது. முட்டை மட்டுமா, சில பேக்கரி கேக்கில் திராட்சை ரம்மில் ஊறியிருக்கும். மாலை போட்ட வீட்டுக்கு ஒரே துண்டில் இரண்டு தோஷம்! இந்தச் சிக்கல் மதுரைக்குப் புதிதும் அல்ல. 1606-ல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, ஊர் தன்னை வாசலோடு நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, கறி மீனை விட்டு, காவி கட்டி, சைவச் சமையலுக்கு ஆளும் வைத்துக்கொண்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பண்டிகைத் தட்டில் மட்டும் முட்டையை விட்டால் போதும்.

அச்சுமுறுக்குதான் இதற்குச் சரியான ஆள். ஊரில் அம்மா முட்டை உடைத்து ஊற்றித்தான் சுடுவார். இங்கே அதற்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் நிழலாற உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே மில்லில் கொடுங்கள். கொடுக்கும்போது, முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் என்றால் முதலில் ரெண்டு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிக் கழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெரு முழுக்க இனிப்பும் காரமுமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடும். சலித்த மாவோடு மைதா கால் கிலோ, பொடித்த சர்க்கரை 350 கிராம், எள் இரண்டு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இரண்டு தேங்காயின் முதல் பாலை ஊற்றிக் கரைத்து, தோசை மாவுப் பதம் வரும் வரை இரண்டாம் பாலைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

புது அச்சு சுலபத்தில் மாவை விடாது. இரண்டு நாள் கழுநீரில் கிடந்து, அப்புறம் எண்ணெயில் நன்றாகக் காய்ந்தால்தான் வழிக்கு வரும். அச்சு சூடாகாமல் இருந்தால் மாவு ஒட்டாது. ரொம்பச் சுட்டாலோ முக்கியதுமே மாவு வெந்து, கிண்ணத்துக்குள்ளேயே கழன்று விழும். முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். மேலே வரை மூழ்கிவிட்டால் மாவு அச்சைச் சுற்றி மூடிக்கொள்ளும், பிறகு கத்தியை வைத்து நெம்ப வேண்டியதுதான். சர்க்கரை கூடினால் ஒட்டும், சீக்கிரம் கருகும், மறுநாள் நமத்தும் போகும். சின்ன அச்சாக இருந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய நூறு வரும். தட்டுக்கு ஆறு என்று முப்பது வீட்டுக்கு 180, உடைசலையும் வீட்டுப் பிள்ளைகளின் 'ருசி பார்த்தலையும்' சேர்த்தால் இரண்டு கிலோ அரிசி. முக்கியமாக, சட்டியும் எண்ணெயும் மீன் பக்கம் போகாததாக இருக்கட்டும். வஞ்சிரம் பொரித்த சட்டியில் சுட்ட முறுக்கை மாமி வீட்டு மூக்கு மூன்றடி தூரத்தில் கண்டுபிடித்துவிடும்.

தட்டோடு வேத வசனம் அச்சடித்த கைப்பிரதியும் வைக்கலாமே என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். முறுக்குக்கு அடியில் வைத்தால் எண்ணெயை அது குடித்துவிடும், வசனம் தெரியாது, அடுத்த நாள் அதில் பஜ்ஜி வைப்பார்கள். பலகாரத்தைப் பலகாரமாகக் கொடுங்கள். ஆராதனைக்குக் கூப்பிட வேண்டுமென்றால் வாயால் கூப்பிடுங்கள், வருகிறவர்கள் வருவார்கள். அந்த வருஷம் துக்கம் நடந்த வீடு இருந்தால் முதல் தட்டு அங்கே போகட்டும். அவர்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்கும் சட்டி ஏறியிருக்காது, அக்கம்பக்கத்தார் கொடுப்பதுதான். சர்க்கரை வியாதித் தாத்தா இருக்கிற வீட்டில் மருமகளிடம் கொடுங்கள், தாத்தா கேட்டை ஒட்டி நின்று "தம்பி, ஒண்ணு மட்டும்" என்று கை நீட்டினாலும். எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டியிருந்தால் நல்லது. பொங்கலுக்கு அது நிறைந்து திரும்பும்போது, யாரோ ஒருவருடைய 1987 கல்யாணப் பரிசாக மாறி வருவது சகஜம்.

அடுத்தது கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலிமாசு விதி. ஒலிபெருக்கி இல்லாமலும் பத்துக்கு மேல் டிரம்ஸ் வேண்டாம், நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிற தெரு இது. வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், வாழ்த்து என்று எட்டு நிமிடம். இருபது வீட்டுக்கு 160 நிமிடம். ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பது பத்துக்கு முடிந்துவிடும், ஜெபிக்கிற பெரியவர் உலக சமாதானத்திலிருந்து ஆரம்பிக்காமல் இருந்தால். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் டிரம்ஸ் வேண்டாம், கிட்டார் போதும். தெருவுக்குத் தெரிந்தது கீர்த்தனை மெட்டுதான், ஆங்கிலப் பாட்டுக்குக் கைகட்டி நிற்கிறவர்கூட அதற்குத் தொடையில் தாளம் போடுவார்.

ஆனால் கூட்டத்துக்கு முதல் எதிரி கோலம். மார்கழிக் கோலம் விடிகாலையில்தான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இருபத்தோரு புள்ளி, கலர்ப்பொடி என்று இறங்குகிற பெண்கள் இப்போது முந்தின இரவே ஒன்பது மணிக்குக் கோல டப்பாவோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். முப்பது ஜோடிக் கால்கள் அங்கே வந்து நின்றால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. டார்ச்சோடு ஒருவரை முன்னால் அனுப்புங்கள். "தம்பி, செத்த தள்ளி நில்லுங்கப்பா, காயல இன்னும்!" என்ற குரல் வந்தால் எதிர்ச்சாரியில் நின்றே பாடுங்கள்.

இரண்டாவது எதிரி நாய். நம் வேட்டி சட்டைக்குப் பழகிய தெரு நாய், சிவப்பு உடுப்பில் பஞ்சுத் தாடியோடு வருகிறவரை மனிதக் கணக்கில் சேர்க்காது. கிறிஸ்துமஸ் தாத்தா ஓடக் கூடாது. முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றால் பாதி குரைப்பு அடங்கும், மீதிக்குப் பையில் பிஸ்கட். உடுப்பை மெல்லிய சாட்டினில் தையுங்கள், கம்பளித் துணியில் தைத்தால் மதுரை டிசம்பருக்கு இரண்டாவது வீட்டிலேயே தாத்தா நனைந்துவிடுவார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அழகர் வேஷத்துக்குத் தைக்கிற கைகளுக்கு இது பெரிய வேலையில்லை. வயிற்றுத் தலையணையைக் கயிற்றால் கட்டினால் மூன்றாம் வீட்டில் முழங்காலுக்கு இறங்கும், பழைய வேட்டியால் இறுக்கிச் சுற்றுங்கள். மெழுகுவர்த்தி பிடிப்பவர் பஞ்சுத் தாடிக்கு நாலடி தள்ளியே நடக்கட்டும். மிட்டாயைப் பாட்டுக்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அடுத்த வீட்டிலும் முதல் வரிசையில் நிற்பார்கள்.

கடைசி வீட்டில் டீ. எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். நீங்கள் இருபது என்பீர்கள், முப்பத்தைந்து பேர் போய் நிற்பீர்கள். அந்த அக்கா நாற்பது டம்ளருக்குப் பால் வாங்கி வைத்திருப்பார்.