மாப்பிள்ளை பேரில் ஏறிய என் தப்பு

கீழமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் குடோன். மிளகாய் வத்தல், மல்லி, சீரகம், சோம்பு எல்லாம் வாங்கிப் புடைத்து, மூட்டை போட்டு, தூத்துக்குடி வழியாக அனுப்புகிறோம். மெல்போர்னில் தங்கச்சி மாப்பிள்ளை அதை இறக்கி கடைகளுக்குக் கொடுக்கிறார்.

போன வருஷம் ஒருநாள் விடியுமுன்னே அவர் போன். "மச்சான், மல்லி மூட்டையில உயிரோட வண்டு இருக்காம், சரக்க நிறுத்தி வச்சுட்டாங்க." கை நடுங்கிவிட்டது எனக்கு. ஆஸ்திரேலியாவில் வருகிற சரக்கைச் சோதிக்கிற அதிகாரிகள் ரொம்பப் பயப்படுவது காப்ரா வண்டுக்கு. நம் ஊர்ப்பக்கத்துப் பூச்சிதான் அது. பறக்காது, ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அதன் முடி முளைத்த புழு தீனி இல்லாமலே விரிசலுக்குள் வருஷக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும், அந்த நிலையில் மருந்துப் புகைக்கும் லேசில் சாகாது. கன்டெய்னர் தரைப்பலகைக்கு அடியிலேயே கிடந்து அடுத்த சரக்கோடு நாடு தாண்டிவிடும். 2020 அக்டோபரில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் முழு மல்லி, சீரகம், வத்தல் கொண்டுபோகக் கூடாது என்று தடை வந்ததும் இதனால்தான். அம்மா தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது எடுத்து வைத்த வத்தலை நானே பெட்டியிலிருந்து எடுத்தேன்.

நல்லவேளை, நம் மூட்டையில் இருந்தது சிகரெட் வண்டு. மசாலாச் சரக்கில் சாதாரணமாக விழுகிற பூச்சி. ஆனாலும் புகை போட்டார்கள், அந்தச் செலவும் கிடங்கு வாடகையும் மாப்பிள்ளை தலையில். அதற்குப் பின் அவர் இறக்கிய சரக்கையெல்லாம் திறந்து பார்த்தார்கள். எத்தனை வருஷமாகச் சுத்தமாக அனுப்பினோம், ஒரு தடவைக்கு இப்படியா என்று எனக்குக் கோபம் வந்தது.

அவர்தான் பொறுமையாக விளக்கினார். ஆபத்து குறைவு என்று பட்டியலில் சேர்த்த சில தாவரப் பொருள்களுக்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. வரிசையாக இத்தனை சரக்கு சுத்தமாக வந்தால், அப்புறம் எல்லாவற்றையும் திறக்காமல் இடையிடையே சிலதை மட்டும் பார்ப்பார்கள். ஒன்றில் பழுது கண்டால் சோதனை பழையபடி கூடிவிடும். இதன் வேர் 1943-இல் ஹரால்ட் டாட்ஜ் என்பவர் தொழிற்சாலைப் பொருள்களைச் சோதிக்க எழுதிய கணக்கு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எல்லா மூட்டையையும் ஒரே மாதிரி குடைந்துகொண்டிருந்தால், உண்மையில் பார்க்க வேண்டிய சரக்குக்கு ஆளும் நேரமும் எங்கே இருக்கும்?

மாதிரி எடுப்பதிலும் கணக்கு உண்டு. சரக்கில் 200-க்கு ஒன்று பழுது என்று வையுங்கள், 600 எடுத்துப் பார்த்தால் ஒன்றாவது சிக்க 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பழுது சரக்கு முழுக்கப் பரவிக் கிடந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். எங்கள் வண்டு சாக்குத் தையலுக்குள்ளே உட்கார்ந்திருந்தது. மல்லியைக் குத்தி எடுத்துப் பார்த்தபோது இங்கே ஒன்றும் தெரியவில்லை, சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று அரசு தருகிற பைட்டோ சர்டிபிகேட்டும் வாங்கித்தான் அனுப்பினோம்.

என்னைக் குடைந்தது வேறு. அங்கே பதிவு ஏறுவது இறக்குமதி செய்கிறவர் பேரில். தப்பு நடந்தது மதுரையில், என் குடோனில். மல்லி விருதுநகரிலிருந்து சுத்தமாகத்தான் வந்தது, சாக்குக்குச் செலவு மிச்சம் பண்ணலாம் என்று சுவரோரம் கிடந்த பழைய சாக்கில் நிரப்பச் சொன்னது நான். அதை மாப்பிள்ளையிடம் சொல்ல ரெண்டு நாள் ஆனது. அவர் திட்டவில்லை, "இனிமே புதுச் சாக்குல அனுப்புங்க மச்சான்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது ஏற்றுமதிக்குப் புதுச் சாக்கு மட்டும்தான். சுவர் விரிசலை எல்லாம் சிமென்ட் வைத்துப் பூசியாச்சு, மூட்டையைச் சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத் தள்ளி, கட்டை போட்டு அடுக்குகிறோம். ஏற்றுமுன் கன்டெய்னர் தரையை நானே டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்க்கிறேன். அந்தப் பழுதுக்குப் பின் நாலு சரக்கு சுத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது நாளைக் காலை தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது, தையல் பிரித்துப் பார்க்க இன்னும் பன்னிரண்டு மூட்டை பாக்கி.