தட்டணுக்கள் குறைந்தவருக்கு மூட்டுவலி வந்தால்

ஐ.டி.பி. என்னும் இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைபாடு உள்ள என் அம்மாவின் முழங்கால் வலிக்கு, மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் மாத்திரைகளை நாங்கள் வாங்குவதே இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 1,50,000 இருக்க வேண்டிய தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது, எஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டி இரத்தக்கசிவை அடைக்கும் திறனையும் அம்மருந்துகள் மட்டுப்படுத்துவதோடு, இரைப்பையையும் புண்ணாக்கக்கூடும். ஆஸ்பிரினின் பாதிப்போ தட்டணுவின் ஆயுட்காலமான 7 முதல் 10 நாள் வரை நீடிக்கும். இரத்தநோய் மருத்துவர் அனுமதித்த பாராசிட்டமால்தான் அம்மாவுக்குக் கைகொடுக்கிறது. மிகுந்தால் கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் அதையும் அவர் சொன்ன அளவுக்குமேல் தருவதில்லை. எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதும் ஆகாது. உறவினர் ஒருவர் அன்போடு பிடித்துவிட்ட இடம், மறுநாள் விரல்தடம் தெரியக் கன்றிப்போயிருந்தது. மூட்டு திடீரென வீங்கிச் சூடானால், உள்ளே இரத்தம் கசிவதாகவும் இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.