கிரப் அப்டேட்: ரீபூட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர்தான் கிரப். அதன் பேக்கேஜ் அப்டேட் ஆனதாலேயே டிஸ்கில் உள்ள பூட்லோடரும் அப்டேட் ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பயாஸ் ஃபர்ம்வேர் (கணினியை முதலில் எழுப்பும், மதர்போர்டில் உள்ள மென்பொருள்) கொண்ட கணினியில் டிஸ்கின் முதல் செக்டரில் ஒரு சிறு துண்டும், அதற்கு அடுத்த காலி இடத்தில் கோர் இமேஜும் (கிரப்பின் மையப் பகுதி) உட்கார்ந்திருக்கும். மாட்யூல்களும் (கோர் ஏற்றிக்கொள்ளும் துணைப் பகுதிகள்) கான்ஃபிக் கோப்பும் இருப்பது பூட் டைரக்டரியில். புதிய வகை ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ என்றால் கோர் இமேஜின் வேலையை, பூட் கோப்புகளுக்கென ஒதுக்கிய இஎஸ்பி பார்ட்டிஷனில் உள்ள ஓர் இஎஃப்ஐ கோப்பு செய்கிறது. இந்தப் பாதிகளில் ஒன்று புதிதாகி மற்றது பழையதாகவே நின்றால்தான் சிக்கல்.

2020 ஜூலையில் கிரப்பில் இருந்த பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டில் நடந்தது இதுதான். கிரப்பை எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் முன்பே குறித்து வைத்திருக்கும். இடையில் டிஸ்க் மாறியிருந்தால் புது கோர் இமேஜ் வேறு டிஸ்குக்குப் போய்விடும். கணினி பழையதிலிருந்தே எழும். புது மாட்யூல் கேட்கும் 'கிரப்_காலாக்' என்ற ஃபங்ஷன் பழைய கோரில் கிடையாது. கிரப் ரெஸ்க்யூ என்ற அவசரக் கட்டளைத் திரையில் நிற்க வேண்டியதுதான். அங்கே பிரிஃபிக்ஸை (கிரப் தன் கோப்புகளைத் தேடும் பாதை) மாற்றி நார்மல் மாட்யூலை ஏற்றும்படி பல வழிகாட்டிகள் சொல்லும். வெர்ஷன் பொருந்தாத நிலையில் அது வீண் வேலை, அதே பிழைதான் திரும்ப வரும்.

2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் நேர்ந்தது இதன் இன்னொரு வடிவம். புதிதாக உருவான கான்ஃபிக்கில் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குக் கொண்டுபோகும் எஃப்டபிள்யூசெட்டப் கட்டளைக்கு, அந்த வசதி உண்டா என்று மட்டும் கேட்கும் ஒரு புது ஆப்ஷன் இருந்தது. பழைய கிரப்புக்கு அது புரியாது. கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் நேரே ஃபர்ம்வேர் அமைப்புக்குத் தள்ளிவிட்டது. பூட்லோடரை டிஸ்கில் எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஆர்ச் தானாக ஓட்டாது. ஆகவே கிரப் அப்டேட் வந்தால் முதலில் கிரப்-இன்ஸ்டால், பிறகு கான்ஃபிக்கை உருவாக்கும் கிரப்-எம்கேகான்ஃபிக். இரண்டாவதை மட்டும் ஓட்டுவதுதான் ஆபத்து.

டெபியன், உபுண்டு பயாஸ் கணினிகளில் டிஸ்க் மாற்றிய அன்றே டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை மூலம் கிரப்-பிசி பேக்கேஜின் அமைப்பைத் திறந்து சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கைத்தான், பார்ட்டிஷனை அல்ல. யூஇஎஃப்ஐ என்றால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை காட்டும் பாதையும் நீங்கள் மவுன்ட் செய்திருக்கும் இஎஸ்பியும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு இஎஸ்பி இருக்கும் கணினிகளில் அப்டேட் ஒன்றில் இறங்கி, பூட் மற்றதிலிருந்து நடக்கக்கூடும்.

ஏற்கெனவே எழவில்லையா? லைவ் யூஎஸ்பியில் (யூஎஸ்பியிலிருந்தே இயங்கும் லினக்ஸ்) பூட் செய்யுங்கள், கணினி எந்த முறையில் எழுமோ அதே முறையில். சிஸ் டைரக்டரியில் உள்ள ஃபர்ம்வேர் டைரக்டரிக்குள் இஎஃப்ஐ இருந்தால் யூஇஎஃப்ஐ முறை. ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து (பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் சரியான சப்வால்யூமை), பூட் தனி பார்ட்டிஷனாக இருந்தால் அதையும், பிறகு இஎஸ்பியையும் அதனதன் இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் மவுன்ட் கட்டளையின் ஆர்பைண்ட் ஆப்ஷனுடன் இணைத்துவிடுங்கள். வெறும் பைண்ட் போட்டால் சிஸ்ஸுக்குள் உள்ள இஎஃப்ஐ வேரியபிள்கள் தெரியாது, ஃபர்ம்வேரில் பூட் என்ட்ரி எழுதும்போது கிரப்-இன்ஸ்டால் தடுக்கி விழும். பிறகு சிஎச்ரூட் (மவுன்ட் செய்த சிஸ்டத்துக்குள் நுழைவது), கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் (ஆர்ச்சில் கிரப்-எம்கேகான்ஃபிக்). ஃபர்ம்வேர் பூட் என்ட்ரிகளை மறந்துவிடும் ரகமானால் கிரப்-இன்ஸ்டாலுக்கு ரிமூவபிள் ஆப்ஷனும் கொடுங்கள். எல்லா ஃபர்ம்வேரும் கடைசியாகத் தேடும் இயல்பான பாதையில் கிரப் போய் அமரும்.